சாம்பியனின் இடுப்பளவு

எங்கள் ஊர்க் குத்துச்சண்டைச் சாம்பியன் தோற்றதற்கு மறுநாள் காலை அத்தையின் தையல் கடையில் நடந்த பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

முதலில் பேசியவர் பக்கத்துக் கடை சலூன்காரர். வாடிக்கையாளர் ஒருவரைப் பாதி தாடியோடு நாற்காலியில் விட்டுவிட்டு, கையில் சீப்போடு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தலைக்கனம்க்கா. வேற ஒண்ணுமே இல்ல. பதினேழு சண்டை வரிசையா ஜெயிச்சவனுக்கு எதிர்ல நிக்கிறவன் கொசு மாதிரி தெரிஞ்சிருக்கான். கையைக் கீழ தொங்கப் போட்டுட்டு ஆடினானே, பாத்தீங்களா?"

அத்தை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஜெயிச்ச பதினேழு சண்டையிலயும் அவன் கையைத் தொங்கப் போட்டுட்டுதான் ஆடினான். அப்பல்லாம் அதுக்குப் பேரு ஸ்டைலு. உங்க வாயாலதான் சொன்னீங்க. தோத்த மறுநாளே தலைக்கனமாயிடுச்சா?"

அடுத்தது எதிர்ப்புறம் குடையின் கீழ் சாவி போடுகிறவர். "அதில்லக்கா. வீட்டுல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிட்டாங்களாம். அதுலருந்து அவன் மனசு இங்க இல்ல."

"உனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு பூட்டாவது திறக்காம விட்டிருக்கியா?"

"என் வீட்டுப் பூட்டைத் தவிர எல்லாத்தையும் திறப்பேன்க்கா. அதுக்கு இன்னும் சாவி கிடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சலூன்காரர் விடவில்லை. நடுவர் வேகவேகமாக எண்ணிவிட்டார், பத்தை எட்டு விநாடியில் முடித்துவிட்டார் என்றார். "பத்து எண்ணி முடிச்சப்புறமும் அவன் உக்காந்துதானே இருந்தான்? அந்த மனுஷன் நூறு வரைக்கும் எண்ணியிருக்கணுமா?" என்றார் அத்தை.

அப்போது தபால்காரர் வந்தார். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை எங்கள் படியில் ஊன்றிக்கொண்டார். அவருடைய மைத்துனர் போட்டி நடந்த அரங்கத்தில் வேலை செய்கிறார். அதனால் முந்தாநாள் காலையில் எடை பார்த்தபோது தபால்காரரும் அங்கே இருந்திருக்கிறார்.

"எல்லாரும் தப்பா பேசறீங்க. எடை மெஷின்ல ஏறும்போது அவன் அறுபத்தாறு கிலோ. நேத்து சாயங்காலம் ரிங்குக்குள்ள போகும்போது எழுபத்தொண்ணு. ஒரே நாள்ல அஞ்சு கிலோ! தண்ணியும் சாப்பாடுமா ஏத்தியிருக்கான். அதான் அஞ்சாவது ரவுண்டுலருந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சான்."

இதற்கும் அத்தையிடமிருந்து ஒரு குட்டு விழும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். விழவில்லை.

"ஒரே நாள்லயா?" என்றார்.

"எல்லா பாக்ஸருங்களும் அப்படித்தான்க்கா. குறிச்ச எடைக்கு மேல இருந்தா சண்டைக்கே விட மாட்டாங்க. எடைக்கு முன்னாடி காயப் போடுவாங்க, எடை முடிஞ்சதும் ஊற வெப்பாங்க."

"ஏறின அஞ்சு கிலோ எங்க போய் நிக்கும்?"

"எங்கன்னா? வயித்துலதான்."

அத்தை கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். துணி வெட்டும் நேரத்தில் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. "எனக்கு வேலை இருக்கு. எல்லாரும் கிளம்புங்க" என்றார்.

"நான் என்னக்கா தப்பா சொல்லிட்டேன்?" என்றார் சலூன்காரர்.

"நீங்க ஒண்ணும் சொல்லல. உள்ள ஒருத்தன் பாதி தாடியோட உக்காந்திருக்கான். போங்க."

காலை பதினோரு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். நானும் அவரும் மட்டும் உள்ளே இருந்தோம்.

அத்தைக்கு எங்கள் தெருவில் 'அங்குலம்' என்று பெயர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும், சாப்பிடும்போதும். என் அப்பாவுக்கு அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "எனக்கு அளவு சரியா வர்ற ஆளு வரல" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மேசை, இரண்டு தையல் மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்றிக்கொள்ள ஒரு திரை. புதுத்துணி தைப்பது குறைவு. பிடித்துக் கொடுப்பது, பிரித்துக் கொடுப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது இவைதான் அதிகம். உடம்பு மாறினவர்கள்தான் அவரிடம் வருவார்கள்.

உடம்பு மாறுவதைப் பற்றி அத்தைக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாப்பிட்ட கையோடு வந்து நிற்பவர்களை அளக்க மாட்டார். "ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. இப்ப அளந்தா உங்க சாப்பாட்டுக்குத்தான் சட்டை தைக்கணும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பட்டினியாக வந்தால் பிஸ்கெட் கொடுத்து உட்கார வைப்பார். அளக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்கிறவர்களிடம், "விடுங்க, விடுங்க. எனக்கும் தெரியும், உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கும் தெரியும். யாருக்காக இழுக்கறீங்க?" என்பார். அளவை ஒரு முறை சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது அவர் தலைக்குள் போய் உட்காரும். விடுமுறை நாட்களில் திருப்பிச் சொல்வது என் வேலை. "ரெண்டு பாஷை படிச்சவ. ஒரு பாஷையிலயாவது வாயைத் திறக்கிறாளா பாருங்க. நம்பர் சொல்றதுக்காவது திறக்கட்டும்" என்று வருகிறவர்களிடம் என்னை அறிமுகம் செய்வார்.

சாம்பியனும் அளவு குறைத்து வாங்கத்தான் முதலில் வந்தான். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. அப்பாவின் பேன்ட்டை அவன் அளவுக்குச் சுருக்கித் தரச் சொல்லி அவன் அம்மா அழைத்து வந்தார். ஒரு வருடம் கழித்துத் தனியாக வந்தான். குத்துச்சண்டைக் குழுவில் கொடுத்த டிரவுசர் இடுப்பில் நிற்கவில்லை என்றான். அத்தை அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள உன்னை மாதிரி ரெண்டு பேரு நிக்கலாம்டா" என்று சொல்லி, ஒரு கோட்டுக்கு உள்ளே வைத்தது போக மிச்சமிருந்த பளபளப்பான நீலத் துணியில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போனவன் மூக்கில் ரத்தமும் கையில் ஒரு சின்னக் கோப்பையுமாகத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து வேறு யாரும் தைத்த டிரவுசரை அவன் ரிங்கில் போட்டதில்லை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூப்பிடுவதுபோல அவனும் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டான். அத்தை இதைப் பற்றிக் கடை வாசலில் ஒரு போர்டுகூட வைக்கவில்லை. ஆனால் டிவியில் அவன் கையைத் தூக்கி நிற்கும்போது மற்றவர்கள் அவன் முகத்தைப் பற்றிப் பேசுவார்கள், அத்தை தையலைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் பதினேழு சண்டைகளுக்கும் மூன்று வாரம் முன்னதாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவான். இந்த முறைதான் அப்படி நடக்கவில்லை. புதிய கோச்சோடு வேறு ஊரில் இரண்டு மாதம் பயிற்சியில் இருந்தான். எடை பார்க்கும் நாளில்தான் ஊருக்கு வந்தான். எடை மெஷினிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து நின்றான். உதடு வெடித்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. "அத்தை, பழசு எதுவும் நிக்க மாட்டேங்குது. வழியுது" என்றான். அவனைப் பார்த்த அதிர்ச்சியில் அத்தைக்குப் பிஸ்கெட் டப்பா ஞாபகமே வரவில்லை. "என்னடா இப்படிக் காஞ்சு போய் வந்திருக்கே" என்று சொல்லிக்கொண்டே அளந்தார். "இருபத்தெட்டரை" என்றார். "இருபத்தெட்டரை" என்று நான் திருப்பிச் சொன்னேன். நழுவவே கூடாது என்று எலாஸ்டிக்கை அந்த அளவுக்குச் சுருக்கி, இடுப்புப் பட்டியில் நாலு வரி தையல் ஓட்டினார். அவன் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வாங்கிக்கொண்டு போட்டுப் பார்க்காமலே போய்விட்டான்.

பாதி இறங்கிய ஷட்டருக்குப் பின்னால் அத்தை இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் அங்கே இருந்தவள்தான் என்பதை மறந்துவிட்டதுபோலச் சொன்னார்.

"இடுப்புப் பட்டிக்காக ஒரு ஆள் தோத்துடுவானா அத்தை?" என்றேன்.

"நீ டாக்டரா?"

"இல்ல."

"அப்ப பேசாதே. காஞ்ச உடம்பை அளந்து, ஊறின உடம்பை அதுக்குள்ள போட்டு, நாலு வரி தையல் போட்டு மூடிட்டேன். மூச்சு எங்கேருந்து வரும்? தெருவுல போற வர்றவனையெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிடலியான்னு கேட்டு அளக்கறவ, அவன்கிட்ட கேக்கல பாரு."

அன்று பிற்பகல் சலூன்காரரைக் கூப்பிட்டு விட்டார். காரணம் சொல்லவில்லை. அவர் இடுப்பை அளந்தார். முப்பத்தாறேகால். பிறகு இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார்.

"இதைக் குடிங்க."

"எதுக்குக்கா?"

"குடிக்கச் சொன்னா குடிங்க. தினமும் அடுத்தவன் தலையில தண்ணி தெளிக்கறீங்க, ஒரு நாளு உங்க வயித்துல ஊத்திக்கிட்டா என்ன?"

பாவம், அவர் குடித்தார். முதல் பாட்டிலைப் பெருமையாகவும் இரண்டாவதைக் கண்ணில் நீரோடும் குடித்தார். அத்தை மீண்டும் அளந்தார். முப்பத்தேழு. "முக்கால் அங்குலம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கே முக்கால். அஞ்சு கிலோவுக்கு எவ்வளவு?" பிறகு ஓர் அகலமான எலாஸ்டிக்கை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகக் குத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி, மூன்று நிமிடம் குத்துச்சண்டை போடச் சொன்னார்.

"யாரோடக்கா?"

"காத்தோட."

சலூன்காரர் காற்றோடு சண்டை போட்டார். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் வலமும் இடமுமாகக் குதித்தார். வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மூச்சு முட்டுதா?" என்றார் அத்தை ஆவலோடு.

"முட்டுதுக்கா."

"எலாஸ்டிக்காலயா?"

"எனக்கு மாடிப்படி ஏறினாலே முட்டும்க்கா."

அத்தை எலாஸ்டிக்கைக் கழற்றினார். சலூன்காரர் வேகமாக வெளியே போனார். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் அத்தைக்கு வழக்கமான ஒரு செய்தித்தாளுக்கு இரண்டாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். படிக்கத் தெரியும் என்றாலும் பிறர் படித்துக் கேட்பதில்தான் நம்பிக்கை. தமிழ்த் தாளில் தோல்விக்கு ஆறு காரணங்கள் போட்டிருந்தார்கள். புதிய கோச், பழைய காயம், திருமணப் பேச்சு என்று எல்லாமே எங்கள் பெஞ்சில் ஏற்கெனவே சொல்லி முடித்தவை. ஆறில் இடுப்பு இல்லை. இன்னொரு மொழித் தாளில் சாம்பியனின் பேட்டியே வந்திருந்தது. அதை நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். 'காரணம் எதுவும் இல்லை. அவர் என்னைவிட நன்றாக ஆடினார்.' எதிரி யாரோ ஒரு லாரி ஓட்டுநர், இடது கைக்காரர். முதலில் ஒப்புக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் வந்ததால் பன்னிரண்டு நாள் முன்னால்தான் அவரைக் கூப்பிட்டார்களாம்.

"காரணம் இல்லன்னு சொல்றான்னா, என்ன அர்த்தம்?" என்றார் அத்தை.

"காரணம் இல்லன்னுதான் அர்த்தம்."

"படிச்சு என்ன பிரயோஜனம்? என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறான். அதான் அர்த்தம்."

பிறகு நடந்ததும் அவர் நினைத்ததுபோலவே இருந்தது. சாம்பியன் கடைக்கு வரவில்லை. இரண்டு முறை எங்கள் தெருவில் போனான். இரண்டு முறையும் சாவிக்காரரின் குடை இருக்கிற எதிர்ப்புறமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனான். அத்தை மிஷினை நிறுத்தாமல் பார்த்தார். மிதித்துக்கொண்டிருந்த கால் மட்டும் தாளம் தப்பியது.

அதற்குப் பிறகு இடுப்பு வேலை வாங்குவதை நிறுத்திவிட்டார். கால் நீளம் குறைக்க வேண்டுமா, சரி. கை மடிக்க வேண்டுமா, சரி. இடுப்பு என்றால், "அது இப்ப பாக்கறதில்லீங்க. கடைத்தெருவுல கேட்டுப் பாருங்க" என்பார். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்புக்காக வருகிறவர்கள். கடைத்தெருவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, இடுப்பைக் கோணலாகப் பிடித்ததில் இரண்டு காலும் ஒரே நீளத்தில் இல்லை என்று அத்தையிடமே முறையிட்டார்கள். ஒரு நாள் அத்தை தனக்கே ஒரு பாவாடை நாடாவை அளந்துவிட்டு, நம்பாமல், மீண்டும் இரண்டு முறை அளந்ததைப் பார்த்தேன். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

பெஞ்சில் மட்டும் அவர் அடங்கவில்லை. முன்பைவிட அதிகமாகப் பேசினார். இந்த வாரம் நடுவர்தான் காரணம் என்பார். முன்பு அதே நடுவருக்காக வாதாடியதை யாராவது ஞாபகப்படுத்தினால், "அப்ப எனக்கு விவரம் தெரியாது" என்பார். அடுத்த வாரம் ரிங்கின் தரை வழுக்கல் என்பார். ஒரு முறை, அரங்கத்தின் விளக்கு இடது கைக்காரருக்குச் சாதகமாகத் தொங்கியது என்று அரை மணி நேரம் வாதாடி, மூன்று பேரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். "அக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் தபால்காரர். பேச்சு எப்போதெல்லாம் மூச்சு வாங்கியதன் பக்கம் திரும்பியதோ அப்போதெல்லாம் அத்தை ஒரு புதிய காரணத்தைத் தூக்கி நடுவில் போட்டார். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாததால் அந்த இருபத்தெட்டரையை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை தலை வாரி, வெளியே போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

"எங்க?"

"அவன்கிட்ட. நேர்ல சொல்லிடறேன். திட்டறதா இருந்தா திட்டட்டும். நீ அளவைத் திருப்பிச் சொன்னவ. சாட்சிக்கு வா."

பயிற்சிக்கூடம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியிலேயே ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடித்தன. நாங்கள் உள்ளே நுழைந்தபோது சாம்பியன் கயிற்றில் தொங்கிய மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். அத்தையைப் பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான். அடுத்த கணம் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஆடிக்கொண்டிருந்த மூட்டையைக் கோச் ஒரு கையால் பிடித்து நிறுத்தி, எங்களைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

அத்தையின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. குளியலறைக் கதவின் முன்னால் போய் நின்றார்.

"டேய். என் முகத்துல முழிக்க வேணாம்னா வேணாம். அங்கயே நின்னு கேளு. தப்பு என்னோடது."

உள்ளே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க்குழாயை அவன் இறுக்கி மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்ல அத்தை. தப்பு எங்களோடது" என்று குரல் வந்தது.

"நீ என்னடா தப்பு பண்ணே? காஞ்ச உடம்புன்னு தெரிஞ்சும் அளந்தது நான்."

"நீங்க பாத்துப் பாத்து தைச்சீங்க. நாங்கதான் அநியாயம் பண்ணிட்டோம்."

"என்ன அநியாயம்? நான் போட்ட தையல்ல உனக்கு மூச்சு நின்னு போச்சு. அதைவிட என்ன அநியாயம் வேணும்?"

"அய்யோ, அதுக்குத்தான் நாங்க..." குரல் நின்றது.

"அதுக்குத்தான் என்ன?"

கோச் தொண்டையைக் கனைத்தார். "வெளிய வந்து காட்டிடுப்பா. எத்தனை நாளைக்கு மறைக்கிறது?" என்றார்.

தாழ்ப்பாள் திறந்தது. பதினேழு சண்டை ஜெயித்தவன் அத்தையைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து போய், தன் பையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினான். அந்த டிரவுசர்தான். இடுப்புப் பட்டி இரண்டு பக்கமும் ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. வெட்டின இடத்தில் வெள்ளை ஒட்டு நாடாவின் பிசுக்கு இருந்தது.

"இது எப்படா?"

"ரிங்குக்குப் போக அரை மணி நேரம் இருக்கும்போது. போட்டுப் பாத்தேன், குனியவே முடியல. கோச் கத்தரிக்கோல எடுத்துட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன் அத்தை. அவங்க தையல்ல கை வெச்சா கொன்னுடுவாங்கன்னு சொன்னேன்."

"அப்ப சண்டை போடறப்ப இறுக்கமா இல்லையா?"

"இல்ல. வெட்டிட்டு, நழுவாம இருக்க நாடா ஒட்டினோம். நல்லாதான் இருந்துச்சு."

"இதுக்காகத்தான் எதிர்ப்பக்கமா போனியா?"

"இதை உங்ககிட்ட எப்படிக் காட்டறது?"

அத்தை அங்கிருந்த பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். அழுவாரோ என்று பயந்து நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் டிரவுசரை மடியில் விரித்து, வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கை இதை வெட்டினது?"

கோச் கையைத் தூக்கினார்.

"தையல விட்டுட்டுத் துணியில வெட்டியிருக்கே. பிரிக்கத் தெரியாதா? நாலு வரி நூலு. ரெண்டு நிமிஷ வேலை."

"அந்த நாலு வரி பிரியவே இல்லீங்க. பிளேடு வெச்சுப் பாத்தோம். இவன் பல்லால கடிச்சும் பாத்தான்."

"பல்லாலயா?"

"ஆமாங்க. வரவே இல்ல."

அத்தை உதட்டை மடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கும்போது அப்படிச் செய்வார். இரண்டு மாதமாக நான் அதைப் பார்க்கவில்லை.

"அப்புறம் ஏண்டா தோத்தே?"

"அவன் நல்லா அடிச்சான் அத்தை. இடது கையால விலாவுக்குக் கீழயே அடிச்சான். அஞ்சாவது ரவுண்டுல ஒண்ணு விழுந்துச்சு, அதோட மூச்சு போச்சு. ஏழாவதுல எந்திரிக்க முடியல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லா பாத்துச் சொல்லு. விளக்கு ஏதாவது கோணலா தொங்குச்சா?"

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் அத்தை, எங்கள் தெருமுனை வந்ததும், "நல்லா அடிச்சானாம். இதை பெஞ்சுல சொல்லிடாதே. ஒருத்தனும் நம்ப மாட்டான். அவங்களுக்கு வேற பொழுதும் போகாது" என்றார். வீட்டுக்குள் போய் ஆணியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினார். மறுநாள் முதல் ஆளாக ஒரு பள்ளி ஆசிரியை இடுப்புச் சுருக்க வந்தார். கடைத்தெருவுக்குப் போகச் சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். அத்தை அவரைப் பார்த்து, "எங்க போயிட்டீங்க இவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

அந்த லாரி ஓட்டுநரோடு மறுபடி மோதுவது என்று முடிவானபோது சாம்பியன் மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டான். அத்தை ஒரு முறை அளந்ததோடு விடவில்லை. கடையில் ஒரு முறை, எடை பார்த்த அன்று ஒரு முறை, சண்டையன்று மாலை அரங்கத்தின் உடை மாற்றும் அறையில் ஒரு முறை. "இருபத்தொன்பது. இருபத்தெட்டரை. முப்பதேகால்." மூன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். கோச் தன் கத்தரிக்கோலை எடுத்து அத்தையின் பையில் அவராகவே போட்டார். இடுப்புப் பட்டிக்குள் இரண்டு அங்குலத் துணியை மடித்து விட்டிருந்தார் அத்தை. அந்த இடத்தில் மட்டும் எளிதில் பிரிக்கக்கூடிய லேசான தையல். அந்த அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கோச் அவன் கையில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள், அதைப் பிரித்து அவன் உடம்புக்குச் சரியாக நிறுத்தி மீண்டும் தைத்துவிட்டார். "மூச்சை இழு. விடு. இன்னொரு தரம் இழு" என்றார். அவன் இழுத்தான், விட்டான். நூலை அத்தை பல்லால் கடித்து அறுத்தார்.

அந்தச் சண்டையில் அவன் ஜெயித்தான். ஜெயித்ததற்கு எங்கள் பெஞ்சில் யாரும் காரணம் தேடவில்லை. மறுநாள் காலை பத்து நிமிடத்தில் அந்தப் பேச்சு முடிந்து, சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு யார் காரணம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் சண்டை நடந்த அந்த மாலையில் நான் தெரிந்துகொண்டது வேறு. பதினெட்டு சண்டைகளைப் பற்றியும் ஒவ்வொரு குத்தாகப் பேசி, பெஞ்சிலிருந்த மூன்று பேரையும் வாயடைக்க வைத்த அத்தை, அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மணி அடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வாராம். சுற்றியிருப்பவர்கள் போடும் சத்தத்தையும் மறுநாள் நான் படித்துக் காட்டுவதையும் வைத்துத்தான் அத்தனை வாதமும். மூன்றாவது வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சாம்பியன் கயிற்றுக்கு அடியில் குனிந்து ரிங்குக்குள் போனான். கூட்டம் எழுந்து கத்தியது. நடுவர் இரண்டு பேரையும் நடுவில் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களில் ஊசி குத்தின இடங்கள் சொரசொரவென்று இருந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தத்துக்கு நடுவில் என் காதருகே குனிந்து சொன்னார்:

"நான் பாக்க மாட்டேன். நீ பாரு. யாரு யாரை எங்க அடிச்சாங்கன்னெல்லாம் எனக்குச் சொல்ல வேணாம். அவன் இடுப்பை மட்டும் பாத்துச் சொல்லிட்டே இரு. அது போதும் எனக்கு."